பீச் நிறச் சீருடையும் பிட்ரேட்டும்

ப்ளூ-ரே டிஸ்க்குகளை மதிப்பிட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. படத்துக்கு ஐந்தில் இவ்வளவு, ஒலிக்கு இவ்வளவு, கூடுதல் அம்சங்களுக்கு இவ்வளவு என்று நட்சத்திரம் போடுவார்கள். இந்த அளவுகோலுக்கு வடிவம் தந்தவை 'த மேட்ரிக்ஸ்', 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' போன்ற படங்கள். கன்னங்கரிய இருட்டு, கண்ணைக் குத்தும் வெளிச்சம், சோபாவை உலுக்கும் சப்வூஃபர் எல்லாம் இருந்தால் முழு மதிப்பெண். அதே கோலை எடுத்துப்போய், 1943ல் பெண்கள் பேஸ்பால் ஆடும் ஒரு நகைச்சுவைப் படத்தின் பக்கத்தில் நிறுத்தினால்? படம் சற்று மங்கல், நிறங்களில் பளபளப்பு போதாது, பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு வேலையே இல்லை என்று எழுதி, மூன்றரை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடுவார்கள். அந்த மங்கல் ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே வைத்ததா, டிஸ்க் செய்தவர் கெடுத்ததா என்று கேட்பவர் குறைவு. நல்ல டிஸ்க்கையும் மோசமான டிஸ்க்கையும் பிரிக்கிற கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

கடந்த காலத்தில் நடக்கும் விளையாட்டு நகைச்சுவைப் படம் ஒரு விசித்திரமான கலவை. காலத்தைக் காட்டுவதற்காக நிறத்தை மட்டுப்படுத்தி, வெளிச்சத்தை மென்மையாக்குகிறார்கள். விளையாட்டுக்கோ வேகமும் அகலமும் தெளிவும் வேண்டும். நகைச்சுவை முகத்தையும் வசனத்தின் நேரத்தையும் நம்பி நிற்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும். டிஸ்க்கில் ஒன்றைத் தூக்கிக் காட்டினால் இன்னொன்று அடிபடும்.

இதைப் பார்க்க வசதியான படம், பென்னி மார்ஷல் இயக்கத்தில் கொலம்பியா பிக்சர்ஸ் 1992 ஜூலையில் வெளியிட்ட 'எ லீக் ஆஃப் தேர் ஓன்'. இரண்டாம் உலகப் போருக்கு ஆண் ஆட்டக்காரர்கள் போய்விட, சூயிங்கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி 1943ல் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார். ராக்ஃபோர்டு பீச்சஸ், ரசீன் பெல்ஸ், கெனோஷா காமெட்ஸ், சவுத் பெண்ட் ப்ளூ சாக்ஸ் என்று முதலில் நான்கு அணிகள். 1954 வரை நடந்த அந்த லீக்கில் 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். படத்தில் ரிக்லி பெயர் மாறி, வால்டர் ஹார்வி என்ற மிட்டாய் முதலாளி ஆகிறார். நடித்தவர் இயக்குநரின் அண்ணன் கேரி மார்ஷல். ஜீனா டேவிஸும் லோரி பெட்டியும் பால்பண்ணையிலிருந்து வரும் அக்கா தங்கை. டாம் ஹாங்க்ஸ் குடித்தே கெட்டுப்போன முன்னாள் நட்சத்திரம், அணியின் மேனேஜர். மடோனாவும் ரோசி ஓ'டானலும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2012ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, 2004ல் இரண்டு டிஸ்க் சிறப்புப் பதிப்பு, 2012ல் இருபதாம் ஆண்டு ப்ளூ-ரே, 2020ல் 'கொலம்பியா கிளாசிக்ஸ்' முதல் தொகுப்பில் 4கே என வீட்டுத் திரையின் எல்லாப் பிறவிகளையும் இந்தப் படம் எடுத்துவிட்டது. அந்த 4கே தொகுப்பில் அதன் பக்கத்தில் இருப்பவை 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'காந்தி', 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'ஜெர்ரி மகுவைர்'. எழுபது மில்லிமீட்டர் பாலைவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்பால் சிரிப்புப் படத்தை வைத்தால் ஒப்பீடு எப்படி அமையும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாவம், படம் தோற்கத்தான் செய்யும். அந்த ஒப்பீடே தவறு.

ஒளிப்பதிவாளர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மிரோஸ்லாவ் ஒந்த்ரிசெக், செக் நாட்டுக்காரர். மிலோஷ் ஃபோர்மனுக்கு 'ராக்டைம்', 'அமேடியஸ்' இரண்டையும் ஒளிப்பதிவு செய்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர். கடந்த காலத்தைப் படம்பிடிப்பது அவருக்குப் புதிதல்ல. பென்னி மார்ஷலுடன் 'அவேக்கனிங்ஸ்' படத்திலும் வேலை பார்த்தவர். இந்தப் படத்தில் மைதானக் காட்சிகளில் வெயில் விழுகிறது. ஆனால் நிறங்கள் கத்துவதில்லை. மரப் பலகைகள், செம்மண், காக்கி, பழுப்பு என்று படம் முழுக்க சூடான, மட்டுப்பட்ட நிறங்கள். அவற்றின் நடுவில் பீச்சஸ் அணியின் வெளிறிய பீச் நிறச் சீருடை. சிவப்புத் தொப்பி, சிவப்பு பெல்ட், சிவப்புக் காலுறை. மார்பில் ராக்ஃபோர்டு நகரத்தின் வட்ட முத்திரை.

டிஸ்க் மதிப்பீட்டுக்கு இந்தச் சீருடையைவிட நல்ல சோதனைத்தாள் கிடைக்காது. பீச் நிறம் ஆட்டக்காரர்களின் தோல் நிறத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நிறத்தைச் சற்று ஏற்றினால் சட்டை இளஞ்சிவப்பாகி, முகங்கள் வெயிலில் வெந்ததுபோல் ஆகிவிடும். சற்று இறக்கினால் சட்டை அழுக்கு வெள்ளை; முகத்தில் ரத்தம் இருக்காது. இரண்டும் சரியாக, ஆனால் வேறுவேறாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் அந்தச் சிவப்பு. டிவிடி, ப்ளூ-ரே, 4கே மூன்றுமே வெளிச்சத்தை முழு நுணுக்கத்தில் பதிந்து, நிறத்தை மட்டும் நீளத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று கால்வாசி நுணுக்கத்தில்தான் பதிகின்றன. அமெரிக்க டிவிடியின் 720க்கு 480 புள்ளிகளில் நிறத்துக்குக் கிடைப்பது 360க்கு 240. அதனால்தான் பழைய டிவிடிகளில் சிவப்பு பெல்ட்டின் விளிம்பு பக்கத்துத் துணியில் கசியும். ப்ளூ-ரேயில் நிறத்தின் பங்கு 960க்கு 540. 4கேயில் 1920க்கு 1080. அதாவது ப்ளூ-ரேயின் மொத்த வெளிச்ச நுணுக்கம் இங்கே நிறத்துக்கு மட்டுமே கிடைக்கிறது. இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தோன்றினால், ஓர் ஆட்டக்காரி இடுப்பளவுக் காட்சியில் நிற்கும்போது அந்த வட்ட முத்திரையையும் பெல்ட்டின் ஓரத்தையும் பாருங்கள். மூன்று டிஸ்க்குகளுக்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

சரியான பீச் நிறம் எது என்று யார் சொல்வது? இந்தப் படம் வந்த காலத்தில் நிறத்தைத் திருத்துவது லேபில் நடந்த வேலை. நெகட்டிவ்விலிருந்து பிரிண்ட் எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளின் அளவை ஷாட்டுக்கு ஷாட் கூட்டிக் குறைக்கலாம். அவ்வளவுதான். முகத்தைத் தொடாமல் புல்லை மட்டும் மஞ்சளாக்க முடியாது. அதைச் சாத்தியமாக்கியது கம்ப்யூட்டர். முழுப் படத்தையும் கம்ப்யூட்டரில் நிறம் திருத்திய முன்னோடி, கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' (2000). 1930களில் நடக்கும் நகைச்சுவை அதுவும். மிசிசிப்பியின் பச்சைப்பசேல் கோடையை ராஜர் டீக்கின்ஸ் வறண்ட மஞ்சளாக மாற்றினார். அதற்குப் பிறகு வந்த பழங்காலப் படங்களில் அந்தத் தூசி மஞ்சள் ஒரு தொற்றாகவே பரவிவிட்டது.

இதனால் 2000க்கு முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. ஜார்ஜ் க்ளூனி இயக்கி நடித்த 'லெதர்ஹெட்ஸ்' (2008) 1925ல் நடப்பது. டுலூத் நகரத்து ஏழைத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி, ரெனே செல்வெகர், ஜான் க்ரசின்ஸ்கி, ராண்டி நியூமன் இசை. நியூட்டன் தாமஸ் சிகல் ஒளிப்பதிவில் எல்லாமே தேன்பழுப்பு. அந்தப் பழுப்பு படம் முடிக்கப்பட்டபோதே உறுதியாகிவிட்டது. டிஸ்க் அதைப் பிசகாமல் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. நிறம் செத்திருக்கிறது என்று டிஸ்க்குக்கு மதிப்பெண் குறைப்பது, சாம்பாரில் புளிப்பு இருக்கிறது என்று தட்டைக் குறை சொல்வதுபோல. அக்காலத்தில் கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் வேலை பெரும்பாலும் 2கே அளவில்தான் நடந்தது. அப்படி முடித்த படத்தை 4கே டிஸ்க்கில் போட்டாலும் நுணுக்கம் பெரிதாகக் கூடிவிடாது. அந்தப் படத்தின் கடைசி ஆட்டம் சேற்றில் நடக்கிறது. பழுப்புத் திரையில் பழுப்பு மனிதர்கள், பழுப்புத் தரை. பிட்ரேட், அதாவது நொடிக்குப் பதியும் தகவலின் அளவு, குறைந்த பிரதியில் இது வெறும் கூழ். நல்ல பிரதியில் ஈரச் சேறு, காய்ந்த சேறு, தோல் தொப்பி மூன்றும் தனித்தனி.

1992 படத்தின் நிலை வேறு. அதற்கு மாறாத டிஜிட்டல் மூலம் என்று ஒன்று கிடையாது. நெகட்டிவ்வை ஸ்கேன் செய்கிறவர், உட்கார்ந்து நிறம் முடிவு செய்கிறவர், இருவர் கையிலும் படம் இருக்கிறது. 2020 வாக்கில் உள்ள ரசனையை 1992 படத்தின்மேல் பூசிவிட அவர்களால் முடியும். புல்லைக் கொஞ்சம் மஞ்சளாக்கி, நிழலைக் கொஞ்சம் நீலமாக்கினால் 'பழமை வந்துவிட்டது' என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தப் படத்தின் ரீமாஸ்டரில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை. பந்து, தளங்களின் பைகள், மைதானத்தின் சுண்ணாம்புக் கோடு, விளம்பரப் பலகையின் எழுத்து. பகல் வெயிலில் இவை வெள்ளையாக இருந்தால் மற்ற நிறங்களை நம்பலாம். இவை க்ரீம் நிறத்தில் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கிரெய்ன். இணையச் சண்டைகள் அதிகம் நடப்பது இதைச் சுற்றித்தான். ஃபிலிமில் படம் என்பது வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சத்தில் மாறியதன் தடம். துகள்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு இடத்தில் இருக்கும். அதனால் படத்தின்மேல் ஒரு மெல்லிய கொதிப்பு தெரியும்; அதுதான் கிரெய்ன். வீடியோ சுருக்கம் வேலை செய்வதோ நேர்மாறாக. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் பதிந்து இடத்தை மிச்சப்படுத்துவது அதன் தந்திரம். கிரெய்னில் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் பிட்டுகளை அது தின்று தீர்க்கும். டிவிடியில் வீடியோவுக்கு உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40. 4கே டிஸ்க் நொடிக்கு நூறைத் தாண்டியும் போகும். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். ஒரே படம் ஓடிடியில் வழவழப்பாகவும் டிஸ்க்கில் உயிரோடும் இருப்பதற்குக் காரணம் இந்த எண்கள். 128 நிமிடப் படத்துக்கு 50 ஜிபி ப்ளூ-ரேயில் இடம் தாராளம். இவ்வளவு இருந்தும் கிரெய்ன் சேறாகத் தெரிந்தால் அது தயாரித்தவரின் சோம்பல்.

சோம்பலைவிடக் கெட்டது சுறுசுறுப்பு. கிரெய்னைத் தூசு என்று நினைத்து மென்பொருளால் துடைத்துவிடுவது. 2008ல் வந்த 'பேட்டன்' ப்ளூ-ரேயும் 2010ல் வந்த 'பிரிடேட்டர்' மறுபதிப்பும் இதற்குப் பேர்போனவை. முகங்கள் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிட்டன. 'பேட்டன்' படத்தைப் பிறகு 2012ல் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. போர்ப்படத்தில் முகம் மெழுகானால் எரிச்சல்தான் வரும். நகைச்சுவைப் படத்தில் சிரிப்பே போய்விடும். டாம் ஹாங்க்ஸின் நகைச்சுவை வாயில் பாதி, மூன்று நாள் தாடியிலும் வீங்கிய கண்ணுக்குக் கீழே உள்ள மடிப்பிலும் பாதி. தன் ஆட்டக்காரியைத் திட்டி அழவைத்துவிட்டு, அழுகிறாளே என்று அவர் திகைத்து நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் அழுகை கிடையாது என்று அவர் அங்கே கத்தும் வசனம் 2005ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் போட்ட நூறு வசனங்களின் பட்டியலில் 54ஆவது இடம் பிடித்தது. காட்சி நிற்பது அவர் முகத்துத் தோல் எப்படி அசைகிறது என்பதில். துடைத்தெடுத்த பிரதியில் வசனம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதேபோல தளத்துக்குச் சறுக்கி விழுந்து ஒரு நடிகையின் தொடையில் ஏற்பட்ட பெரிய ரத்தக்கட்டு படத்தில் வருகிறது. அது ஒப்பனை இல்லை, படப்பிடிப்பில் நிஜமாகவே பட்ட அடி. ஊதாவும் சிவப்பும் மஞ்சளும் கலந்த அந்தத் தோல் வழித்தெடுத்தது போல் தெரிந்தால் அந்தப் பெண் பட்ட பாடு வீண்.

தூசு நீக்கத்தில் விளையாட்டுப் படத்துக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய நெகட்டிவ்வில் படிந்த தூசு ஒரு ஃபிரேமில் மட்டும் வெள்ளைப் புள்ளியாக வந்து மறையும். தானியங்கி மென்பொருள் தேடுவது அதைத்தான்: முன் ஃபிரேமிலும் பின் ஃபிரேமிலும் அந்த இடத்தில் இல்லாத சிறு வெள்ளைப் பொருள். வேகமாகப் பறக்கும் பேஸ்பாலுக்கும் இந்த இலக்கணம் அப்படியே பொருந்தும்! மனிதக் கண் மேற்பார்க்காவிட்டால் மென்பொருள் தூசோடு சேர்த்துப் பந்தையும் விழுங்கிவிடும். விளையாட்டுப் படத்தின் ரீமாஸ்டரைச் சோதிக்க நினைப்பவர்கள், எறிந்த பந்து மட்டையை அடைகிற வரை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம். பந்து நடுவில் காணாமல் போகிறதா, பாதி தேய்ந்து தெரிகிறதா என்று பார்த்தால் வேலை செய்தவரின் பொறுமை தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கமும் இந்தப் படத்திலேயே இருக்கிறது. போர்க்காலச் செய்திப்படங்களைப் போலச் செய்த கறுப்பு வெள்ளைத் துண்டுகள் படத்தில் வருகின்றன. பழைய செய்திப்படம் என்று நம்பவைக்க அவை கரடுமுரடாகத்தான் இருந்தாக வேண்டும். அந்தப் பகுதியும் மற்றப் பகுதியைப் போலவே பளிங்காக இருந்தால், துடைப்பதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர் கையில் படம் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

அகலத்தைப் பற்றிச் சொல்லாமல் பேஸ்பாலைப் பேச முடியாது. படத்தின் திரை விகிதம் 2.39:1. பந்தை எறிபவர், அடிப்பவர், தளத்தை நோக்கி ஓடுபவர் மூவரையும் ஒரே சட்டத்தில் வைக்க அந்த அகலம் உதவுகிறது. பழைய டிவியின் 4:3 சட்டத்துக்காக இருபக்கமும் வெட்டிய கேசட்டுகளில் படத்தின் 44 சதவீதம் காணாமல் போனது. எறிந்த பந்து எங்கே போயிற்று என்பதை அடுத்த ஷாட்டில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்புப் பட்டையோடு அகலத்தைக் காத்த பிரதிகளிலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பட்டை முறையில் 480 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 270. அகலத்திரைக்கென்று அமுக்கிப் பதிந்த டிவிடியில் 360. ப்ளூ-ரேயில் 800, 4கேயில் 1,600. இண்டியானா மாநிலத்தில் ஹண்டிங்பர்க் ஊரில் படத்துக்காகவே புதுப்பித்த மைதானம், 1915ல் கட்டிய எவன்ஸ்வில் நகரத்து போஸி ஃபீல்டு, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு போன்ற நிஜ மைதானங்களில் எடுத்த படம் இது. அந்த மரக் கூரையும், தொப்பி வைத்த கூட்டமும், இரும்புத் தூண்களும்தான் இந்தப் படத்தின் காலம். 270 வரியில் கூட்டம் வெறும் புள்ளிக் கோலம். 800 வரியில் ஆளுக்கொரு தொப்பி. 1,600க்குப் போகும்போது வேறொரு சங்கடம் தொடங்குகிறது: பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முடிவெட்டு 1943ஆ 1991ஆ என்று கண் தேடத் தொடங்கிவிடுகிறது. தெளிவு கூடக்கூட வேஷத்தின் தையலும் தெரியும். இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் பழங்காலப் படத்துக்குக் கூடுதல் நுணுக்கம் எப்போதும் லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பா, இந்தியா போன்ற 'பால்' முறை நாடுகளுக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 ஃபிரேம் படம் 25 ஆக ஓடும். 128 நிமிடப் படம் 123 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்கள் ஏறத்தாழ அரைச் சுருதி ஏறும். வசனத்துக்கும் பதில் வசனத்துக்கும் நடுவிலுள்ள மௌனத்தில்தான் நகைச்சுவை பிழைக்கிறது. அந்த மௌனம் நான்கு சதவீதம் சுருங்குவது பெரிய விஷயமா என்றால், தெரிந்தவர்களுக்குப் பெரிதுதான். ப்ளூ-ரே வந்தபின் இந்தத் தொல்லை ஒழிந்தது. அதற்குப் பதிலாக டிவிக்காரர்கள் புதிய தொல்லையைக் கொண்டுவந்தார்கள். இல்லாத ஃபிரேம்களை இட்டு நிரப்பி ஓட்டத்தை வழுக்கலாக்கும் அமைப்பு. அதை அணைக்காமல் பார்த்தால் 1943ல் நடக்கும் ஆட்டம் நேற்றைய நேரடி ஒளிபரப்பு மாதிரி இருக்கும். டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் ரிமோட்டை எடுங்கள்.

ஒலிக்கு வருவோம். நகைச்சுவை டிஸ்க்கின் ஒலியை விமர்சகர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: 'வசனம் நடு ஸ்பீக்கரில் தெளிவு, சுற்றொலி குறைவு'. குறைவாக இருப்பது இயல்பு. தனித்தனித் தடங்களில் பதிந்த டால்பி டிஜிட்டல் ஒலி திரையரங்குக்கு வந்ததே 1992 ஜூனில், 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு. அதே கோடையில் வந்த படம் இது. அக்காலத்தில் பெரும்பாலான படங்கள் நான்கு தடங்களை இரண்டில் மடித்த அனலாக் ஒலியோடுதான் வந்தன. அப்படிப்பட்ட படத்துக்கு டிஸ்க்கில் தரும் 5.1, தலைக்கு மேலும் ஒலி தரும் அட்மாஸ் எல்லாம் பின்னாளில் பிரித்து அமைத்தவை. இந்தப் படத்தின் 4கே டிஸ்க்கில் அட்மாஸும் இருக்கிறது, 5.1 தடமும் இருக்கிறது. தலைக்கு மேலே பந்து பறக்கும் ஓசை கேட்கிறதா என்று காதைத் தீட்டுவது வீண்வேலை. கேட்க வேண்டியவை வேறு. மரமட்டையில் பந்து படும் ஓசை உலர்ந்து, குட்டையாக, எதிரொலி இல்லாமல் இருக்க வேண்டும். கையுறையில் பந்து விழும் ஓசை அதிலிருந்து வேறுபட வேண்டும். ஆட்டக்காரிகள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் பேசும் இடங்களில் ரோசி ஓ'டானலின் வாய்த்துடுக்கு கூட்டத்தின் இரைச்சலில் மூழ்கக்கூடாது. ஹான்ஸ் ஜிம்மரின் இசை வரும்போது ஒலியைக் குறைத்து, பேச்சு வரும்போது ஏற்றவேண்டியிருந்தால் அந்தக் கலவை வீட்டுக்கு ஏற்றதில்லை.

படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், ஜீனா டேவிஸின் பாத்திரமான டாட்டி வயதானவளாக வருகிறாள். திரையில் இருப்பவர் லின் கார்ட்ரைட்; குரல் ஜீனா டேவிஸுடையது. டப்பிங்குக்குப் பழகிய தமிழ் ரசிகருக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் கேசட்டிலும் பழைய டிவியின் சின்ன ஸ்பீக்கரிலும் ஒட்டிப்போன அந்தக் குரல், தெளிவான டிஸ்க்கில் முகத்திலிருந்து சற்று விலகி நிற்கும். அதற்கும் டிஸ்க் பொறுப்பில்லை. உதடும் குரலும் ஒத்துப்போகவில்லை என்று குறிப்பெடுப்பவர்கள் இதையறிந்து எழுத வேண்டும்.

4கேயோடு வந்த ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கும் முறை, இந்த வகைப் படத்துக்கு இருமுனைக் கத்தி. போட்டோக்காரரின் ஃப்ளாஷ் பல்ப், வெயிலில் மின்னும் சட்டைப் பொத்தான், இரவு பஸ்ஸின் ஜன்னல் வெளிச்சம் இவற்றுக்கு அது உதவும். 1962ல் நடக்கும் சிறுவர் பேஸ்பால் படம் 'த சாண்ட்லாட்' (1993). அதில் வாணவேடிக்கை வெளிச்சத்திலேயே பிள்ளைகள் ராத்திரி ஆடும் காட்சி ஹெச்டிஆருக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் சாதாரணப் பகல் காட்சியில் வானத்தைக் கண் கூசவைத்தால் 1943 போய்விடும். போர்க்காலத் தந்தி வரும் அந்த உடைமாற்றும் அறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வந்த தந்தி என்று தெரியாமல் பெண்கள் உறைந்து நிற்கிறார்கள். அறை இருட்டுமில்லை, வெளிச்சமுமில்லை. அந்த நடுத்தர வெளிச்சத்தில் எல்லா முகங்களையும் ஒரே சமயத்தில் பார்க்க முடிய வேண்டும். நிழலைக் கறுப்பாக்கி 'ஆழம்' காட்டுகிற டிஸ்க், பின்வரிசைப் பெண்களை இருட்டில் தள்ளிவிடும். ஒரே ஒரு காட்சியை வைத்து இந்தப் படத்தின் டிஸ்க்கை எடைபோடச் சொன்னால் ஆட்டக் காட்சியை விட்டுவிட்டு இதைத்தான் போடுவேன்.

சப்டைட்டிலைப் பற்றி ஆங்கில விமர்சகர்கள் எழுதுவதே இல்லை. நமக்கு அது பாதிப் படம். 1940களின் மத்திய மேற்கு அமெரிக்கப் பேச்சு, பேஸ்பால் கலைச்சொல், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவது எல்லாம் சேரும்போது காது மட்டும் போதாது. நகைச்சுவையின் கடைசி வார்த்தையை நடிகர் சொல்லும் முன்பே எழுத்தில் காட்டிவிடும் டிஸ்க்குகள் உண்டு. வசனத்தைச் சுருக்கி எழுதி, கேலியை வெறும் தகவலாக்கிவிடுபவையும் உண்டு. ஜான் லோவிட்ஸ் நடித்த ஆள்பிடிக்கும் ஏஜெண்ட் வரும் முதல் கால்மணி நேரத்தை எழுத்தோடு பார்த்தாலே டிஸ்க் எந்த ரகம் என்று தெரியும்.

கூடுதல் அம்சங்களுக்கு மற்றப் படங்களைவிட இந்த வகையில் மதிப்பு அதிகம். நிஜத்தில் நடந்த ஒன்றைப் படம் சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பதால், எது நிஜம் என்று சொல்ல டிஸ்க்குக்குக் கடமை இருக்கிறது. 1943ல் அந்த லீக்கில் பந்தை எறிந்தது கையைக் கீழிருந்து சுழற்றி. தோளுக்கு மேலிருந்து எறியும் முறை 1948ல்தான் வந்தது. முதல் ஆண்டுக் கோப்பையை ரசீன் பெல்ஸ் வென்றது உண்மை. ஆனால் இறுதியில் தோற்ற அணி, படத்தில் வருவதுபோல் பீச்சஸ் இல்லை, கெனோஷா. ஹாங்க்ஸின் பாத்திரத்துக்குச் சாயல் தந்த ஜிம்மி ஃபாக்ஸ் பெண்கள் அணியை நிர்வகித்தது 1952ல், ஃபோர்ட் வேன் நகரில். 2004 பதிப்பில் பென்னி மார்ஷல், நடிகைகள் லோரி பெட்டி, மேகன் கவனா, ட்ரேசி ரைனர் பேசும் விளக்கத் தடமும், நீக்கிய காட்சிகளும், தயாரிப்பு பற்றிய ஆவணப்படமும் உண்டு. மார்ஷல் 2018ல் காலமாகிவிட்டார். இனி அப்படி ஒரு தடம் வரப்போவதில்லை. மறுவெளியீடுகளில் இத்தகைய பொருட்கள் சத்தமில்லாமல் விடுபடுவது டிஸ்க் வியாபாரத்தின் பழைய வழக்கம். வாங்குமுன் பின்னட்டையைப் படியுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த ஒரு படத்துக்கு என் தீர்ப்பு இது. டிவிடி படத்துக்காக இனி வேண்டாம். விளக்கத் தடத்துக்காக வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு உட்பட்ட டிவி வைத்திருப்பவர்களுக்கு 2012 ப்ளூ-ரே போதும். பெரிய திரையும் ஹெச்டிஆரை ஒழுங்காகக் காட்டும் டிவியும் இருந்தால் மட்டும் 4கே. அதன் லாபம் கூர்மையில் கொஞ்சம், நிறத்தில் நிறைய. 'லெதர்ஹெட்ஸ்' படத்துக்கு ப்ளூ-ரேயே தாராளம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. அமெரிக்க ப்ளூ-ரே 'ஏ' மண்டலத்துக்கானது, இந்தியா 'சி' மண்டலம். டிவிடியில் அவர்கள் 1, நாம் 5. வெளிநாட்டு டிஸ்க்கை வரவழைக்குமுன் அதில் மண்டலப் பூட்டு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது.